நீலத்தொப்பியா, கூட்டணிப் படையா, அயல்நாடா, கண்காணிப்பாளரா: போருக்குப் பிந்திய அமைதிப்பணியில் கட்டளை யார் கையில் இருப்பது நல்லது?

யாழ்ப்பாணத்தில் எழுதப்படும் மகஜர்களில் தவறாமல் வரும் வரி "சர்வதேச மேற்பார்வை வேண்டும்" என்பது. எந்தச் சர்வதேசம், யாருடைய உத்தரவில், எத்தனை நாளைக்கு என்று அடுத்த வரி எழுதப் போகும்போதுதான் பேனா நிற்கிறது. பல்கலைக்கழக மாணவர்களும் சிவில் அமைப்புகளில் வேலை செய்பவர்களும் புலம்பெயர்ந்த வாசகர்களும் திரும்பத் திரும்பக் கேட்பது இதைத்தான்: நீலத்தொப்பி அணியும் ஐ.நா படையைக் கேட்பதா, நேட்டோ போன்ற கூட்டணியையா, ஒரு முன்னணி நாட்டையா, அயல்நாட்டையா, ஆயுதமில்லாத கண்காணிப்பாளரையா?

இவற்றில் இரண்டை இந்த மண் நேரே கண்டது. 1987 முதல் 1990 வரை இந்திய அமைதி காக்கும் படை, 2002 முதல் 2008 வரை நோர்டிக் நாடுகளின் கண்காணிப்புக் குழு. மற்ற வடிவங்கள் பொஸ்னியா, கொசோவோ, கிழக்குத் திமோர், கம்போடியா, ருவாண்டா போன்ற இடங்களில் பரீட்சிக்கப்பட்டவை. எல்லாவற்றையும் ஒரே அளவுகோலில் வைத்துப் பார்ப்போம்.

## எதை வைத்து அளப்பது

ஆணை எங்கிருந்து வருகிறது. பாதுகாப்புச் சபையின் தீர்மானமா, சண்டையிட்ட தரப்புகளின் உடன்படிக்கையா, இரண்டு அரசுகளின் ஒப்பந்தமா? ஐ.நா சாசனத்தின் ஏழாம் அத்தியாயத்தின் கீழ் வரும் படை, ஒரு தரப்பு முரண்டுபிடித்தாலும் பலத்தைப் பயன்படுத்தி நிற்கலாம். உடன்படிக்கையை மட்டும் நம்பி வருவது, கையெழுத்திட்ட ஒருவர் விலகியதும் மூட்டை கட்ட வேண்டியதுதான்.

கட்டளை எவ்வளவு தூரம் கைமாறுகிறது. பலர் தவறவிடும் இடம் இது. எந்த நாடும் தன் படையின் முழுக் கட்டளையை வெளியாருக்குக் கொடுப்பதில்லை. கொடுப்பது செயற்பாட்டுக் கட்டுப்பாடு மட்டும். நல்லூர்த் திருவிழாக் காலத்தில் பருத்தித்துறைச் சாலையின் பஸ் ஒன்றை யாழ்ப்பாணத்தில் ஓட விடுகிறார்கள் என்று வையுங்கள். எந்த வீதியால் போவது, எத்தனை மணிக்கு எடுப்பது என்று யாழ்ப்பாணத்து நேரக்காப்பாளர் சொல்லலாம். சாரதியின் சம்பளம், லீவு, தண்டனை, பதவி உயர்வு எல்லாம் பருத்தித்துறையில்தான். "அந்த வீதியால் போக எனக்கு அனுமதி இல்லை" என்று சாரதி தன் சாலைக்குப் போன் எடுத்தால் நேரக்காப்பாளர் பார்த்துக்கொண்டு நிற்கத்தான் முடியும். அமைதிப்படையின் ஒவ்வொரு நாட்டுப் பிரிவிலும் இப்படிச் சொந்தத் தலைநகரத்துக்குப் போன் எடுக்கும் அதிகாரி ஒருவர் இருப்பார். இரவில் றோந்து போகமாட்டோம், கலகக் கூட்டத்தைக் கலைக்கமாட்டோம், எமது பகுதியை விட்டு வெளியே வரமாட்டோம் என்ற நிபந்தனைகளோடுதான் பல நாடுகள் படை தருகின்றன.

சிவில் தலைமையும் இராணுவத் தலைமையும் எந்த மட்டத்தில் சந்திக்கின்றன. ஒரே ஊரிலா, தலைநகரத்திலா, நியூயோர்க்கிலா, எங்குமே இல்லையா?

முறைப்பாடு எங்கே முடிகிறது. சென்றியில் அடிவாங்கியவர் யாரிடம் எழுதிக் கொடுப்பார், அதை விசாரிக்கும் அதிகாரம் யாருக்கு?

இவற்றோடு வேகம், பணம், வெளியேறும் நாள் ஆகிய மூன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வேகத்துக்கு ஐ.நாவே ஓர் அளவு வைத்திருக்கிறது. 2000 ஆம் ஆண்டின் பிராஹிமி அறிக்கை, தீர்மானம் நிறைவேறிய பின் சாதாரணப் பணிக்கு 30 நாளிலும் சிக்கலான பணிக்கு 90 நாளிலும் படை இறங்க வேண்டும் என்றது. நடைமுறையில் பெரும்பாலும் அது நடப்பதில்லை.

## 1. ஐ.நாவின் ஒரே குடை

செயலாளர் நாயகத்தின் விசேட பிரதிநிதி தலைவர். படைத் தளபதி, பொலிஸ் ஆணையாளர், மனித உரிமை, தேர்தல், நிவாரணப் பிரிவுகள் எல்லாம் அவருக்குக் கீழே. தாளில் இதைவிடத் தெளிவான அமைப்பு கிடையாது.

இதன் பெரிய பரீட்சை கம்போடியா, 1992–93. விசேட பிரதிநிதி ஜப்பானியரான யசுஷி அகாஷி, படைத் தளபதி அவுஸ்திரேலியரான ஜோன் சாண்டர்சன், ஆளணி ஏறத்தாழ 22,000. வெளியுறவு, பாதுகாப்பு, நிதி, பொதுப் பாதுகாப்பு, தகவல் ஆகிய ஐந்து துறைகளை நேரடியாகக் கட்டுப்படுத்தும் அதிகாரமும் அவர்களுக்கு இருந்தது. 1992 மே இறுதியில் இந்த இரு தலைவர்களும் பைலின் பகுதிக்குப் போனபோது, பாதைக்குக் குறுக்கே ஒரு மூங்கில் கழியை வைத்து, உடன்படிக்கையில் கையெழுத்திட்ட ஆயுத இயக்கமான கெமர் ரூஜின் போராளிகள் மறித்தார்கள். வாகனத் தொடர் திரும்பி வந்தது. சம்மதத்தின் பேரில் வந்த படை ஒரு கழியைத் தள்ளிவிட்டுப் போகலாமா என்று அப்போது கடும் விவாதம் எழுந்தது. போகாமல் விட்டதால் கெமர் ரூஜ் ஆயுதத்தைக் கீழே வைக்கவே இல்லை. ஆனால் சிவில் தலைவரும் தளபதியும் ஒரே முடிவில் நின்றதால் பணி பிளவுபடவில்லை. 1993 மே மாதத் தேர்தலில் ஏறத்தாழ 90 வீதத்தினர் வாக்களித்தார்கள்.

ஒரே குடை என்பதால் மட்டும் மழைக்குத் தாங்கும் என்று நினைக்கக்கூடாது. ருவாண்டாவில் தளபதி ரோமியோ டலேர் 22 கவச வண்டிகள் கேட்டார். கிடைத்தது எட்டு, அவற்றில் ஓடியது ஐந்து. 1994 ஜனவரி 11 இல், ஆயுதக் களஞ்சியம் ஒன்றைச் சோதனையிடப் போவதாக நியூயோர்க்குக்கு அறிவித்தார். ஆணைக்கு வெளியே போகவேண்டாம், ஜனாதிபதிக்குத் தெரிவியுங்கள் என்று பதில் வந்தது. ஏப்ரலில் படுகொலை தொடங்கி, பத்து பெல்ஜியச் சிப்பாய்கள் கொல்லப்பட்டதும் பெல்ஜியம் தன் பிரிவைத் திருப்பி அழைத்தது. ஏப்ரல் 21 இல் பாதுகாப்புச் சபை படையை ஏறத்தாழ 270 பேராகக் குறைத்தது. கட்டளைச் சங்கிலி அறவில்லை, உச்சியில் இருந்தவர்களுக்கு மனம் வரவில்லை.

சியரா லியோனில் கோளாறு பக்கவாட்டில் வந்தது. 2000 மே மாதத்தில் ஏறத்தாழ 500 ஐ.நா படையினரைக் கிளர்ச்சியாளர்கள் பிடித்து வைத்தார்கள். அந்த நேரத்தில் இந்தியத் தளபதி விஜய் ஜெட்லிக்கும் நைஜீரிய விசேட பிரதிநிதிக்கும் நைஜீரியத் துணைத் தளபதிக்கும் இடையே பகிரங்கமான பிணக்கு வெடித்தது. தளபதி ஒரு நாடு, அவருக்கு மேலும் கீழும் இன்னொரு நாடு என்று பதவி பங்கிட்டதன் விளைவு அது. கடைசியில் இந்தியா தன் படையையே மீட்டுக்கொண்டது.

மறைந்திருக்கும் செலவு இரண்டு. ஒரு சிப்பாய்க்கு மாதம் இவ்வளவு என்று ஐ.நா கொடுக்கும் தொகை (2018 ஜூலையில் அது 1,428 டொலராக இருந்தது) போய்ச் சேர்வது அவருடைய அரசாங்கத்துக்கு. படை அனுப்புவது வருமானம் என்று நினைக்கும் நாடுகள் ஆளை அனுப்பும், ஓடாத வண்டியையும் அனுப்பும். இரண்டாவது, குற்றம் செய்த சிப்பாயை விசாரிக்கும் அதிகாரம் அவர் நாட்டுக்கே உண்டு. 2007 இல் ஹெயிட்டியிலிருந்து பாலியல் சுரண்டல் குற்றச்சாட்டில் இலங்கைப் படையினர் நூற்றுக்கும் மேற்பட்டோர் திருப்பி அனுப்பப்பட்டார்கள். ஹெயிட்டியின் எந்த நீதிமன்றத்துக்கும் அவர்களைக் கூப்பிட அதிகாரம் இருக்கவில்லை. இந்த நாட்டில் இருந்து கொண்டு ஐ.நா படையைக் கேட்பவர்கள் இதை இரண்டு முறை வாசிக்க வேண்டும்.

*எப்போது நல்லது:* தரப்புகள் களைத்து உடன்பட்ட பின், தேர்தல், அகதிகள் மீள்வரவு, நிர்வாகம் என்று பல வேலை ஒன்றாகக் கிடக்கும்போது.

## 2. பிரித்த தலைமை: ஆயுதம் ஒருவரிடம், நிர்வாகம் இன்னொருவரிடம்

இந்த வடிவம் பிறந்ததற்குக் காரணம் ஸ்ரெப்ரெனிட்சா. பொஸ்னியாவில் 1995 கோடைவரை தரையில் ஐ.நா, வானில் நேட்டோ. குண்டு விழ வேண்டுமானால் இரண்டு சாவிகளும் திரும்ப வேண்டும். ஜூலையில் ஸ்ரெப்ரெனிட்சாவில் இருந்த நெதர்லாந்துப் பிரிவு விமான உதவி கேட்டபோது, அந்தக் கோரிக்கை துஸ்லா தலைமையகம் போய், சராயேவோ போய், ஸாக்ரெப்பில் இருந்த தளபதி ஜான்வியேயிடமும் விசேட பிரதிநிதி அகாஷியிடமும் போய், அங்கிருந்து நேட்டோவின் சாவிக்குப் போக வேண்டும். ஒவ்வொரு படியிலும் ஓர் அதிகாரி, ஒரு சந்தேகம், ஒரு மணித்தியாலம். ஜூலை 11 பிற்பகலில்தான் இரண்டு விமானங்கள் வந்து குண்டு போட்டன. அதற்குள் நெதர்லாந்துச் சிப்பாய்கள் பணயமாகப் பிடிபட்டிருந்தார்கள். விமானத் தாக்குதலை நிறுத்துங்கள் என்று நெதர்லாந்துப் பாதுகாப்பு அமைச்சரே தொலைபேசியில் கேட்டார். ஊர் விழுந்தது. தொடர்ந்த நாட்களில் கொல்லப்பட்ட ஆண்களும் சிறுவர்களும் ஏறத்தாழ 8,000 பேர்.

எனவே அந்த ஆண்டு இறுதியில் பொஸ்னியப் போரை முடித்த டேட்டன் உடன்படிக்கையை எழுதியவர்கள் இராணுவச் சங்கிலியை முழுதாக நேட்டோவிடம் கொடுத்தார்கள். 60,000 பேர் கொண்ட படை, அமெரிக்க அட்மிரல் லெய்ட்டன் சிமித் தலைமை. சிவில் பக்கத்துக்கு உயர் பிரதிநிதி என்ற பதவி. முதலில் வந்தவர் சுவீடனின் கார்ல் பில்ட். உடன்படிக்கையின் பத்தாம் இணைப்பு வெளிப்படையாகச் சொல்கிறது: உயர் பிரதிநிதிக்குப் படையின் மேல் எந்த அதிகாரமும் கிடையாது, அதன் கட்டளைச் சங்கிலியில் தலையிடவும் கூடாது. பொலிஸைக் கண்காணிக்க ஐ.நாவின் ஆயுதமற்ற குழு ஒன்று தனியே. தேர்தல் இன்னோர் அமைப்பிடம்.

துப்பாக்கிகள் விரைவாக மௌனமாகின. படைகளைப் பிரித்து வைப்பது சில மாதங்களில் முடிந்தது. இரண்டு சாவிச் சிக்கலுக்கு இது நல்ல மருந்து. ஆனால் இராணுவ வேலையும் சிவில் வேலையும் முட்டும் இடத்தில் ஆளில்லாமல் போனது. 1996 தொடக்கத்தில் கிர்பாவிட்சா போன்ற சராயேவோப் புறநகர்கள் கைமாறியபோது வீடுகள் கொளுத்தப்பட்டன. தாம் பொலிஸ் அல்ல என்று படை சொன்னது. பொலிஸ் கண்காணிப்பாளர்களிடம் ஆயுதம் இல்லை. உயர் பிரதிநிதியிடம் படை இல்லை. போர்க்குற்றவாளிகளைத் தேடிப் பிடிப்பதும் அப்படித்தான். எதிரே வந்தால் பிடிப்போம் என்ற நிலைப்பாடு 1997 ஜூலை வரை நீடித்தது.

கொசோவோவில் பாதிப் பாடம் கற்றார்கள். 1999 ஜூன் 10 இன் 1244 ஆம் தீர்மானம் சிவில் நிர்வாகத்தை ஐ.நாவுக்கும் பாதுகாப்பை நேட்டோ தலைமையிலான படைக்கும் கொடுத்தது. சிவில் பக்கத்தின் நான்கு பிரிவுகளையும், ஐரோப்பிய ஒன்றியத்தினதும் ஐரோப்பியப் பாதுகாப்பு ஒத்துழைப்பு அமைப்பினதும் பிரிவுகள் உட்பட, ஒரே விசேட பிரதிநிதிக்குக் கீழே வைத்தார்கள். படை மட்டும் வெளியே நின்றது. பிரிஷ்டினா விமானநிலையத்துக்கு ரஷ்யப் படை முந்திக்கொண்டு வந்தபோது ஓடுபாதையை மறிக்கும்படி நேட்டோவின் உச்சத் தளபதி வெஸ்லி கிளார்க் உத்தரவிட்டார். களத்தளபதி மைக்கல் ஜாக்சன் மறுத்து இலண்டனிடம் போனார், இலண்டன் அவர் பக்கம் நின்றது. அந்த மறுப்பு நல்லதாகவே முடிந்தது. 2004 மார்ச் 17, 18 இல் அதே பழக்கம் உயிர் குடித்தது. கலவரம் வெடிக்க, சில நாட்டுப் பிரிவுகள் கூட்டத்தைக் கலைக்கும் அனுமதி தமக்கில்லை என்று முகாமுக்குள் நின்றன. 19 பேர் இறந்தார்கள். நூற்றுக்கணக்கான வீடுகள் எரிந்தன.

முறைப்பாட்டு வழியும் பிரிந்தே கிடந்தது. கொசோவோவின் குறைகேள் அதிகாரி ஐ.நா நிர்வாகத்தைக் கேள்வி கேட்கலாம், நேட்டோ படையைக் கேட்க முடியாது. ஒரே வீதித்தடையில் ஐ.நா பொலிஸும் நேட்டோச் சிப்பாயும் சேர்ந்து நின்றால், உங்கள் கையைப் பிடித்து இழுத்தவர் எந்தச் சீருடை என்பதை நீங்கள்தான் கவனித்து வைக்க வேண்டும்.

*எப்போது நல்லது:* எதிரே கனரக ஆயுதத்தோடு கட்டுக்கோப்பான படைகள் நிற்கும்போது; அவற்றை அச்சுறுத்தி நிறுத்தக்கூடிய கூட்டணி உண்மையிலேயே வர விரும்பும்போது. ஆயுதம் தாங்கிய பொலிஸ் முதல் நாளிலிருந்தே யாருடைய பொறுப்பு என்று எழுதாமல் இதைக் கேட்கக்கூடாது.

## 3. முன்னணி நாடு வந்து, ஐ.நாவிடம் கையளிப்பது

கிழக்குத் திமோரில் 1999 ஆகஸ்ட் 30 வாக்கெடுப்பில் 78.5 வீதத்தினர் சுதந்திரத்தைத் தேர்ந்தார்கள். முடிவு வெளியானதும் ஊர்கள் எரிந்தன. இந்தோனேசியா செப்டெம்பர் 12 இல் சம்மதித்தது, 15 இல் 1264 ஆம் தீர்மானம் நிறைவேறியது, 20 இல் பீட்டர் கொஸ்குரோவ் தலைமையில் அவுஸ்திரேலியா நடத்திய படை டிலியில் இறங்கியது. தீர்மானத்திலிருந்து ஐந்து நாள். ஐ.நாவின் சொந்தப் படை இந்த வேகத்தில் வருவது அரிது.

வேகத்துக்குக் காரணம் எளிது. திட்டமிடல், கப்பல், மருத்துவமனை, தொடர்பாடல் எல்லாம் ஒரே நாட்டுடையவை. துணைத் தளபதியாகத் தாய்லாந்து ஜெனரல் ஒருவரை வைத்ததால் வெள்ளையர் படை என்ற பேச்சும் தணிந்தது. 2000 பெப்ரவரி 23 இல் படைப் பொறுப்பு ஐ.நாவுக்குக் கைமாறியது; விசேட பிரதிநிதி சேர்ஜியோ வியெய்ரா டி மெல்லோ, படைத் தளபதி பிலிப்பைன்ஸ்காரர். படையில் ஒரு பகுதி தொப்பியை மட்டும் மாற்றிக்கொண்டு நின்றது. லைபீரியாவிலும் 2003 ஒக்டோபர் 1 இல் ஏறத்தாழ 3,500 மேற்கு ஆபிரிக்கப் படையினர் இப்படித் தொப்பி மாற்றினார்கள்.

விலை என்ன? முன்னணி நாட்டுக்கு எப்போதும் சொந்தக் கணக்கு உண்டு. திமோர்க் கடலின் எண்ணெயும் எரிவாயுவும் யாருக்கு என்ற வழக்கு அவுஸ்திரேலியாவோடு பல ஆண்டு இழுபட்டு, 2018 இல்தான் எல்லை ஒப்பந்தம் கையெழுத்தானது. காப்பாற்ற வந்தவரோடு பேரம் பேசும் சின்ன நாட்டின் குரல் தணிந்துதான் ஒலிக்கும். பணத்தையும் முன்கூட்டிப் பார்க்க வேண்டும்: ஐ.நா நிதி வராத அந்தக் காலத்தில் வசதி குறைந்த நாடுகள் பங்கெடுக்க ஜப்பான் 100 மில்லியன் டொலர் கொடுத்தது. அப்படி ஒரு கொடையாளர் இல்லாவிட்டால் வருவது பணக்கார நாடுகளின் படை மட்டுமே.

சோமாலியாவை எதிர் உதாரணமாக வைத்துக்கொள்ளுங்கள். 1993 ஒக்டோபர் 3 இல் மொகடிஷுவில் இறங்கிய அமெரிக்க விசேட படை ஐ.நா தளபதியின் கட்டளைக்கு வெளியே இயங்கியது. சிக்கியவர்களை மீட்க மலேசியக் கவச வண்டிகளும் பாகிஸ்தான் தாங்கிகளும் தேவைப்பட்டன. அந்த நாடுகளுக்கு நடவடிக்கையைப் பற்றி முன்கூட்டி எதுவும் சொல்லப்பட்டிருக்கவில்லை. 18 அமெரிக்கச் சிப்பாய்கள் இறந்தார்கள். முன்னணி நாட்டுப் படையும் ஐ.நா படையும் ஒரே நகரத்தில் ஒரே நேரத்தில் இரண்டு சங்கிலியில் இருக்கக்கூடாது. ஒன்று போன பின் மற்றது.

*எப்போது நல்லது:* கொலை நடந்துகொண்டிருக்கும்போது, நாட்கணக்கில் ஆள் தேவைப்படும்போது. கையளிக்கும் திகதி தீர்மானத்திலேயே இருக்க வேண்டும்.

## 4. அயல்நாடு ஒன்றின் படை

இதை யாழ்ப்பாண வாசகருக்கு அறிமுகப்படுத்தத் தேவையில்லை. ஆனால் கட்டளை என்ற ஒரே கண்ணால் திரும்பப் பார்ப்பது பயன் தரும்.

1987 ஜூலை 29 உடன்படிக்கையில் கையெழுத்திட்டவை இரண்டு அரசுகள். ஆயுதம் வைத்திருந்த இயக்கங்கள் கையெழுத்திடவில்லை. இலங்கை ஜனாதிபதி அழைத்தால் சண்டை நிறுத்தத்தை உறுதிப்படுத்தவும் நடைமுறைப்படுத்தவும் இந்தியப் படைப்பிரிவு வரலாம் என்று இணைப்பு சொன்னது. வெளி நடுவர் இல்லை, கூட்டு அவதானிப்புக் குழுவிலும் இரண்டு அரசுகளின் ஆட்கள் மட்டுமே, முடியும் நாள் இல்லை. பலாலியில் 54 ஆவது டிவிசனின் தளபதி ஹர்கிரத் சிங், சென்னையில் ஒட்டுமொத்தத் தளபதி டெபிந்தர் சிங், கொழும்பில் இந்திய உயர்ஸ்தானிகர் டிக்சிட், டெல்லியில் இராணுவத் தலைமையகமும் பிரதமர் அலுவலகமும் உளவுத்துறையும். அரசியல் விடயத்தில் பதில் சொல்லக்கூடிய சிவில் தலைவர் எவரும் யாழ்ப்பாணத்தில் இருக்கவில்லை.

அதன் விளைவு முதல் பத்து வாரத்துக்குள் இரண்டு முறை தெரிந்தது. செப்டெம்பர் 15 இலிருந்து 26 வரை நல்லூரில் திலீபன் நீரும் இன்றி உண்ணாவிரதமிருந்தபோது, கோரிக்கைகளுக்கு ஆம் என்றோ இல்லை என்றோ சொல்லும் அதிகாரம் பலாலியில் இருந்த எந்த அதிகாரிக்கும் இல்லை. ஒக்டோபர் 3 இல் புலிகளின் தளபதிகள் குமரப்பா, புலேந்திரன் உட்பட 17 பேரை இலங்கைக் கடற்படை பிடித்துப் பலாலியில் வைத்தது. தளத்தில் இரண்டு நாட்டுப் படையும் நின்றன. கொழும்புக்குக் கொண்டுபோக வேண்டும் என்றது இலங்கை அரசு. கூடாது என்று களத்தில் இருந்த இந்தியத் தளபதிகள் மேலே எழுதினார்கள். தூதரகமும் டெல்லியும் கொழும்பும் பேசி முடிவதற்குள், ஒக்டோபர் 5 இல், சயனைட் உட்கொண்டு 12 பேர் இறந்தார்கள். ஒக்டோபர் 10 இல் இந்தியப் படைக்கும் புலிகளுக்கும் இடையே போர் தொடங்கியது. கைதியை யார் வைத்திருப்பது என்ற ஒரே ஒரு விதி, கூட்டாக எழுதப்பட்டிருந்தால், அந்த ஐந்து நாளும் வேறுவிதமாகப் போயிருக்க இடமுண்டு என்பது எமது எண்ணம்.

முறைப்பாடு பற்றிச் சொல்ல 1987 ஒக்டோபர் 21, 22 போதும். யாழ் போதனா வைத்தியசாலைக்குள் வைத்தியர்கள், தாதியர், நோயாளர் என ஏறத்தாழ 70 பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். காவலுக்கு வந்த படையே சண்டையிடும் தரப்பாகிவிட்ட இடத்தில், அதை விசாரிக்க அதற்கு மேலே எவரும் இல்லை.

வெளியேற்றமும் அதே கதை. அழைத்தவர் ஜனாதிபதி என்பதால் அடுத்த ஜனாதிபதி போகச் சொன்னார். 1989 ஜூன் மாதத்தில் பிரேமதாச கெடு விதிக்க, கடைசிச் சிப்பாய் 1990 மார்ச் 24 இல் கப்பலேறினார். அந்த நாளில் அமைதியின் பக்கம் என்ன முடிந்திருந்தது என்று எவரும் கணக்குப் பார்க்கவில்லை.

*எப்போது நல்லது:* தனியே ஒருபோதும் கேட்கக்கூடாது என்பதே எமது கருத்து. அயல்நாட்டின் பலம் தேவைப்பட்டால் மூன்றாம் வடிவத்துக்குள், பாதுகாப்புச் சபை ஆணையோடும் வெளியார் ஒருவரின் மேற்பார்வையோடும் கேட்கலாம்.

## 5. ஆயுதமில்லாத கண்காணிப்பு

2002 பெப்ரவரி 22 போர்நிறுத்த உடன்படிக்கையின் மூன்றாம் பிரிவு, இந்த ஒப்பீட்டில் வரும் ஆவணங்களிலேயே முறைப்பாட்டுக்கு மிகக் கிட்ட வந்தது. யாழ்ப்பாணம், மன்னார், வவுனியா, திருகோணமலை, மட்டக்களப்பு, அம்பாறை ஆகிய ஆறு இடத்திலும் ஐந்து பேர் கொண்ட உள்ளூர்க் குழு: அரசு இருவர், புலிகள் இருவர், தலைமை தாங்க வெளிநாட்டுக் கண்காணிப்பாளர் ஒருவர். தரப்புகளின் ஆட்களை ஓய்வுபெற்ற நீதிபதிகள், அரச ஊழியர்கள், மதகுருமார் போன்றோரிலிருந்து எடுக்கலாம். உடன்படிக்கைக்குப் பொருள் சொல்லும் இறுதி அதிகாரம் குழுவின் தலைவருக்கு. கட்டளை ஒன்றே, சங்கிலி குட்டை, ஒரு சாதாரண ஆள் சைக்கிளில் போய் முறைப்பாடு எழுதிக் கொடுக்கலாம்.

பலவீனம் மூன்று. தீர்ப்புச் சொல்லலாம், நிறைவேற்ற வழியில்லை. அனுசரணையாளரும் நோர்வே, கண்காணிப்புத் தலைவரை நியமிப்பதும் நோர்வே. மீறல் என்று எழுதினால் பேச்சுவார்த்தை கெடும், எழுதாவிட்டால் நம்பிக்கை கெடும். மூன்றாவது, ஆளணி நாடுகளின் அரசியல். 2006 மே இல் ஐரோப்பிய ஒன்றியம் புலிகளைத் தடைப் பட்டியலில் சேர்த்ததும், ஒன்றியத்தைச் சேர்ந்த சுவீடன், பின்லாந்து, டென்மார்க் ஆட்கள் போகவேண்டும் என்று புலிகள் கேட்டார்கள். மிஞ்சியது நோர்வேயும் ஐஸ்லாந்தும். அதே மாதம் 11 இல், 710 படையினரை ஏற்றிய கப்பல் தொடர் வடகடலில் தாக்கப்பட்டபோது கண்காணிப்பாளரும் கப்பலில் இருந்தார். 2008 ஜனவரி 16 இல் எல்லாம் முடிந்தது.

இந்தோனேசியாவின் ஆச்சே மாகாணத்தில் ஏன் அதே கருவி வேலை செய்தது? 2005 ஆகஸ்ட் 15 ஹெல்சிங்கி உடன்படிக்கையில் அரசியல் தீர்வு முதலிலேயே இருந்தது; கண்காணிப்புக் குழு அதை நடைமுறைப்படுத்த வந்தது. இங்கே, இலங்கையில், தீர்வு வரும்வரை நேரத்தைக் காப்பாற்ற வந்தது. ஐரோப்பிய ஒன்றியமும் ஐந்து ஆசியான் நாடுகளும் சேர்ந்த அந்தக் குழுவின் தலைவர் பீட்டர் ஃபெயித். துணைக்குத் தாய்லாந்து ஜெனரல். எல்லாம் எண்ணில் எழுதப்பட்டிருந்தது: ஒப்படைக்க வேண்டிய ஆயுதம் 840, நான்கு கட்டம், ஆண்டு முடிவுக்குள், ஆச்சேயில் மிஞ்ச வேண்டிய இராணுவம் 14,700, பொலிஸ் 9,100. ஒரு கட்டத்து ஆயுதம் எண்ணி, ஊரார் பார்க்க இரும்பறுக்கும் வாளால் அறுத்து முடிந்ததும் அதே அளவில் படை வெளியேறியது. இரு தரப்பும் ஒரே மேசையில் ஒழுங்காகக் கூடி, தீராத பிணக்குக்குத் தலைவர் முடிவு சொன்னார். 2006 டிசெம்பர் 15 இல் குழு வீட்டுக்குப் போனது.

*எப்போது நல்லது:* தீர்வு கையெழுத்தாகி, இரு தரப்பும் தம் ஆட்களைக் கட்டுப்படுத்தக்கூடியபோது. செலவும் ஆளணியும் மிகக் குறைவு.

இரு அமைப்புகள் ஒரே படையை நடத்தும் கலப்பு வடிவமும் ஒன்று உண்டு: டார்பூரில் 2007 தொடக்கம் 2020 வரை ஐ.நாவும் ஆபிரிக்க ஒன்றியமும். கூட்டு விசேட பிரதிநிதியைத் தேர்வதற்கே இரண்டு தலைமையகங்களும் உடன்பட வேண்டியிருந்தது. தாய்லாந்து, நேபாளம், நோர்டிக் பிரிவுகளை ஒவ்வொன்றாகத் தட்டிக்கழிக்கச் சூடான் அரசுக்கு அது வாய்ப்பாகியது. கேட்க வேண்டிய வடிவம் இது இல்லை.

## ஒரு பார்வையில்

| வடிவம் | உத்தரவு வரும் இடம் | வேகம் | சிவிலும் படையும் சந்திப்பது | முறைப்பாடு | வெளியேற்றம் |
|---|---|---|---|---|---|
| ஐ.நா ஒரே குடை | நியூயோர்க், தலைநகரங்களின் மறைமுகத் தடையோடு | மாதங்கள் | விசேட பிரதிநிதியிடம், களத்தில் | சிப்பாயின் சொந்த நாட்டில் | பாதுகாப்புச் சபை புதுப்பிக்காவிட்டால் |
| பிரித்த தலைமை | இரண்டு தலைமையகம் | படை வாரங்கள், பொலிஸ் மாதங்கள் | எழுதிவைத்தால் மட்டும் | இரண்டு தனி வழி | தெளிவில்லை |
| முன்னணி நாடு | அந்த நாட்டின் தலைநகரம் | நாட்கள் | கையளித்த பின் | அந்த நாட்டில் | கையளிக்கும் திகதி |
| அயல்நாடு | அயல்நாட்டின் பல அலுவலகங்கள் | நாட்கள் | களத்தில் இல்லை | வழியில்லை | அழைத்தவர் மனம் மாறினால் |
| கண்காணிப்பு | குழுத் தலைவர் | வாரங்கள் | படையே இல்லை | ஊரில் | ஒரு தரப்பு விலகினால், அல்லது வேலை முடிந்தால் |

## மகஜரில் எழுத வேண்டிய வரிகள்

எந்த வடிவத்தைக் கேட்டாலும் கீழே உள்ளவை இல்லாமல் கேட்கவேண்டாம். வடிவத்தின் பெயரைவிட இவற்றுக்கே கூடிய எடை கொடுக்கிறோம்.

கைதி பற்றிய விதி. பிடிபட்டவரை எத்தனை மணித்தியாலத்துக்குள், யாரிடம், எந்தக் கூட்டுப் பதிவோடு ஒப்படைப்பது. வேறு இடத்துக்கு மாற்ற யார் கையெழுத்து வேண்டும். பலாலியை நினைத்துக்கொண்டு எழுதுங்கள்.

நாட்டு நிபந்தனைகளை முன்கூட்டி எழுத்தில் அறிவித்தல். எந்தப் பிரிவு இரவு றோந்து போகாது, எது கூட்டத்தைக் கலைக்காது என்று தளபதிக்கு முதல் நாளே தெரிய வேண்டும். கூட்டத்தைக் கலைக்க அனுமதியில்லாத பிரிவைக் கலவரம் வரக்கூடிய நகரத்தில் நிறுத்தக்கூடாது.

மாவட்ட மட்டத்தில் சந்திப்பு. சிவில் பொறுப்பாளரும் படைப் பிரிவுத் தளபதியும் ஒரே கட்டடத்தில் இருக்க வேண்டும், நாளாந்தம் ஒரே மேசையில் கூட வேண்டும். அவர்களுக்குள் இணக்கம் வராவிட்டால் 24 மணித்தியாலத்துக்குள் முடிவு சொல்லும் ஆள் யார் என்று பெயர்ப்பதவியோடு எழுத வேண்டும்.

ஆயுதம் தாங்கிய பொலிஸ் முழு அளவில் வரும்வரை தீவைப்பு, கொள்ளை, ஆள்கடத்தலைத் தடுப்பது படையின் கடமை என்ற வரி. கிர்பாவிட்சாவில் இல்லாமல் போன வரி இதுதான்.

முறைப்பாடு: தமிழில் எழுதிக் கொடுக்கலாம், இலக்கமிட்ட பற்றுச்சீட்டு அங்கேயே கிடைக்க வேண்டும், பதிலுக்கு நாள் குறித்திருக்க வேண்டும், எந்தச் சீருடையைப் பற்றியது என்று பிரிக்காமல் ஒரே கருமபீடம் ஏற்க வேண்டும். குற்றம் சாட்டப்பட்டவரின் நாடு விசாரித்தால், முடிவு முறைப்பாட்டாளருக்கு எழுத்தில் வர வேண்டும். விசாரணை அமர்வு சம்பவம் நடந்த மாவட்டத்தில் நடக்க வேண்டும்.

மேற்பார்வையாளரும் பேச்சுவார்த்தை அனுசரணையாளரும் ஒரே நாடாக இருக்கக்கூடாது. ஆள் தரும் நாடுகள் ஒரே கூட்டமைப்பைச் சேர்ந்தவையாக இருந்தால், அந்தக் கூட்டமைப்பு எடுக்கும் ஒரு முடிவில் குழுவின் பாதி காணாமல் போகும். குறைந்தது இரண்டு வெவ்வேறு பிராந்தியங்களிலிருந்து ஆள் கேளுங்கள்.

கடைசியாக எண்களும் திகதிகளும். எத்தனை முகாம், எத்தனை ஆயுதம், எந்தெந்தக் காணி, எந்த மாதத்துக்குள். ஒரு பக்கம் ஒரு படி எடுத்தால் மறுபக்கம் எந்தப் படியை எடுக்க வேண்டும் என்று அருகருகே இரண்டு பத்தியாக எழுதி, ஒவ்வொரு வரிசைக்கும் எண்ணிப் பார்த்துக் கையெழுத்திடுபவர் யார் என்று மூன்றாவது பத்தியும் போடுங்கள்.